இப்பதான் தூங்குறாரு, எழுப்பாதீங்க

ஆஸ்பத்திரியில் ஆயாம்மா வேலை என்பது, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிற இடத்துக்கு நேராக நடந்து போகிற வேலை.

போர்வை மாற்றுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது, உடம்பு துடைத்துவிடுவது, வாந்தி அள்ளுவது, தள்ளுவண்டி தள்ளுவது. இருபத்தாறு வருஷம் பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீங்க. வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் பினாயில் வாசனை ஒன்றுதான். நோயாளியை மட்டும் அல்ல, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களையும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போச்சு. நீங்களும் ஒரு நாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான். இல்லையென்றால் உங்கள் வீட்டில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்.

பதினோராம் கட்டில்

மடுகரையிலிருந்து கலியபெருமாள் என்று ஒருத்தரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கரும்புக்குத் தண்ணி திருப்பும்போது மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, நாலு நாள் அதே சேற்றில் நின்று வேலை பார்த்திருக்கிறார். சர்க்கரை வேறு. வந்தபோது முழங்கால் வரைக்கும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. காயத்தைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டார்கள். எழுந்து நடக்க முடியாததால் மூத்திரத்துக்குக் குழாய் விட்டுப் பையை மாட்டினார்கள். கூட இருந்தது அவர் மனைவி தனலட்சுமி. ரெண்டு நாள் அவர் முனகினார், அவள் காலடியில் உட்கார்ந்து விசிறினாள்.

மூன்றாம் நாள் மதியம் முனகல் நின்றுபோச்சு. நான் போர்வை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், தனலட்சுமி உதட்டில் விரலை வைத்தாள். "மூணு நாளா கண்ணே மூடல, ஆயாம்மா. இப்பதான் அசந்து தூங்குறாரு. எழுப்பாதீங்க." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தூங்குகிறவரை எழுப்புவது பாவம் என்றுதானே நமக்கெல்லாம் பழக்கம்? போர்வையை மாற்றவில்லை. வண்டிச் சக்கரம் கிறீச்சிடும் என்று அதை அங்கேயே விட்டுவிட்டு, கால் நுனியில் நடந்தேன். குனிந்து பையைப் பார்த்தேன். காலையில் நான் காலி பண்ணினது. அடியில் கொஞ்சூண்டு, டிகாக்ஷன் நிறத்தில் நின்றது. வெயில் காலம், தண்ணி குடிச்சிருக்க மாட்டாரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போர்வையை இழுத்து விடும்போது காயம் படாத கால் கையில் தட்டுப்பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. ஃபேன் காத்து என்று நினைத்து நல்லாப் போர்த்திவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் எழுந்திருக்கவில்லை. அவசர அவசரமாக டவுனில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். மறுநாள் விடியும்போது செய்தி வந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து, விட்டுப்போன பாயையும் தூக்குச்சட்டியையும் எடுத்துப்போகத் தனலட்சுமி வந்தாள். என் ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கடைசியா ஒரு மத்தியானமாவது அவரை நிம்மதியாத் தூங்க வுட்டீங்களே ஆயாம்மா, உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்."

யாரும் கேக்கலியே

அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு வந்த எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. ஸ்டெல்லா சிஸ்டரிடம் போய் நின்றேன். நர்ஸ். கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், என் மகளைவிட ரெண்டு வயசு சின்னவள். பேச்சு மட்டும் சுரீரென்று இருக்கும். "ஏம்மா, கால்ல பட்ட வெட்டுக்கு ஒரு மனுஷன் செத்துப்போவானா?" என்று கேட்டேன்.

அவள் கட்டுத்துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "தெருவுல ஒரு திருடன் பூந்துட்டான்னு வெச்சுக்குங்க. ஊரே தடியைத் தூக்கினு ஓடுது. எவன் திருடன், எவன் நம்ம ஆளுன்னு பாக்காம அடிச்சா இன்னா ஆவும்? திருடன் ஒருத்தன், அடிபடறது மொத்தத் தெருவும். கால்ல பூந்த கிருமியை அடிக்கக் கெளம்பின உடம்பு, தன்னோட கிட்னி, நுரையீரல், மூளை எல்லாத்தையும் சேத்து அடிச்சுப்போடுது. இதான் செப்சிஸ். சீக்கிரமாக் கண்டுபுடிச்சு மருந்தையும் சலைனையும் ஏத்தினாப் பொழைக்க வெக்கலாம். லேட்டாயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது." எப்படிக் கண்டுபிடிக்கிறதாம் என்றேன். "மூச்சு வேகமா வாங்கும். பேச்சு கொழம்பும், இல்லாட்டி எழுப்பினாலும் எழுந்திருக்காத தூக்கம் வரும். கை காலு சில்லுனு ஆவும். மூத்திரம் கொறஞ்சிடும். ஜுரம் அடிச்சாலும் அடிக்கும், வயசானவங்களுக்கு அடிக்காமலும் போவும்."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குப் பதினோராம் கட்டில்தான் தெரிந்தது. "பாத்தன்மா," என்றேன். "பை ரொம்பல. நல்ல காலு ஐஸா இருந்துச்சு." அவள் மடிப்பதை நிறுத்தினாள். "யார்கிட்ட சொன்னீங்க?" "யாரும் கேக்கலியே." திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. "கேக்காதது எங்க தப்பு, ஆயாம்மா. ஆனா ஒரு கட்டிலாண்ட எங்களைவிட நீங்கதான் அதிக நேரம் நிக்கறீங்க. இனிமே நாங்க கேக்கலன்னாலும் சொல்லுங்க."

துவரம்பருப்பு அள்ளட்டுமா

அன்றைக்கே மூச்சு எண்ணவும் காட்டிக்கொடுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் ஒரு சுற்று வரும்வரை நெஞ்சு எத்தனை தரம் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இருபதைத் தாண்டினால் கவனி, இருபத்தைந்தைத் தாண்டினால் ஓடி வா. ஐந்தாம் கிளாஸோடு நின்ற எனக்கு விரல் கணுக்கள் போதும். ஒரு கைக்குப் பன்னிரண்டு கணு, கட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனால் கணக்குத் தப்பாது.

பாகூரில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒரு பாய், மூத்திரக் கடுப்பு என்று வந்து படுத்திருந்தார். எழுபது வயசு. முதல் நாள் என்னைப் பார்த்து, "தங்கச்சி, உன் பொண்ணு கல்யாணத்துக்கு நம்ம கடையிலதான சாமான் எடுத்தீங்க?" என்று விசாரித்தவர். மறுநாள் காலையில் நான் போனால், ரெண்டு கையாலும் போர்வையை அள்ளி அள்ளி எதிலோ போடுகிறார். "வாம்மா, இன்னா வேணும்? துவரம்பருப்பு புதுசா வந்திருக்குது, அள்ளட்டுமா?" மகன், மருமகள், பேத்தி எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "அத்தா இங்கயும் கடையைத் தொறந்துட்டாரு!" மருமகள் போனில் படம் எடுக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஏன் பொய் சொல்லணும்?

அப்புறம்தான் சுருக்கென்றது. நேற்றுத் தங்கச்சி என்றவருக்கு இன்றைக்கு நான் யாரென்றே தெரியவில்லை. நெற்றியைத் தொட்டேன், சூடே இல்லை. கை சில்லிட்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ரெண்டு கைக் கணுவும் முடிந்து மேலே நாலு. ஸ்டெல்லாவைக் கூப்பிட ஓடினேன். அவள் பிபி பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறக்கினாள், மறுபடி அடித்து இறக்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மருமகள் போனைக் கீழே இறக்கிவிட்டாள். அரை மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் மருந்து. அந்தக் குடும்பம் அதுக்கப்புறம் மூன்று நாள் சிரிக்கவில்லை. ஏழாம் நாள் வீட்டுக்குப் போகும்போது பாய் என்னைக் கூப்பிட்டார்: "என் கடையிலயே இல்லாத சரக்கையெல்லாம் உனக்கு அள்ளிக் குடுத்தேனாமே தங்கச்சி, எடையில கொறை ஒண்ணும் இல்லியே?"

ரெண்டு பாட்டில் ரத்தம்

மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ரெண்டு குட்டிப் பாட்டிலில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அதைப் பார்த்தாலே கூட இருக்கிறவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஏழுமலை என்று ஒரு நெல் விவசாயி, அம்மாவைக் கொண்டுவந்திருந்தவர், சிஸ்டர் கையையே பிடித்துவிட்டார். "கெழவி உடம்புல ரத்தமே கெடையாது, அதுல ரெண்டு பாட்டில் எடுக்கிறியா? மொதல்ல மருந்தைப் போடு!" ஸ்டெல்லா கையை உதறவில்லை. "அண்ணே, வயல்ல மருந்து அடிச்சுட்டு, அப்புறம் போயி இன்னா பூச்சி இருந்துச்சுன்னு பாத்தாத் தெரியுமா? பூச்சியைப் புடிச்சு வெச்சுக்கினு அடிச்சாத்தான, இந்த மருந்து கேக்கலன்னா எந்த மருந்து கேக்கும்னு தெரியும்? புடிக்க ரெண்டு நிமிஷம். ஒடனே மருந்து." ஏழுமலை கையை எடுத்துவிட்டார். அம்மாவின் முழங்கையை அவரே தாங்கிப் பிடித்துக்கொண்டார். "இதை மொதல்லயே வயக்காட்டுப் பேச்சுல சொல்லியிருந்தா நான் ஏம்மா சண்டைக்கு வர்றன்?"

டாக்டரம்மா

எல்லாம் எனக்குத் தெரிந்துபோச்சு என்று நினைத்துவிடாதீங்க. தெரிந்ததைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஒரு நாள் வில்லியனூர் பஸ் ஸ்டாண்டில் தனலட்சுமி நிற்பதைப் பார்த்தேன். முருங்கைக்காய் குவித்து வைத்திருந்தவளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, நான் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டேன். அவள் என்னைப் பார்த்தால் மறுபடி கையைப் பிடித்து வாழ்த்துவாள். அதை இன்னொரு தரம் வாங்க எனக்குத் தெம்பில்லை. அவளிடம் சொல்லவும் தைரியம் இல்லை.

அந்தப் பயத்தில்தான் சூசைராஜிடம் மாட்டினேன். வில்லியனூர் பக்கம் கோயில் தெருக்காரர், கொத்தனார், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். அவர் மனைவி வாயை மூடாமல் பேசுகிற அம்மா. அன்றைக்கு மதியம் சோறு ஆக்க வீட்டுக்குப் போயிருந்தாள். மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். எண்ணினேன், மூச்சு பதினாறுதான். காலைத் தொட்டேன், கதகதவென்று இருந்தது. அதோடு விட்டிருக்க வேண்டாமா? பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. உலுக்கினேன், பதில் இல்லை. அவ்வளவுதான், பதினோராம் கட்டில் ஞாபகம் வந்து, "டாக்டர், ஓடியாங்க!" என்று வார்டே அதிரக் கத்திவிட்டேன். புதுசாக வந்திருந்த இளவயசு டாக்டர் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்து, இடது கையால் சூசைராஜின் நெஞ்செலும்பில் அழுத்தினார். சூசைராஜ் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். வார்டு முழுக்கச் சிரிப்பு. டாக்டர் சோற்றுக் கையைத் தூக்கிக் காட்டி, "ஆயாம்மாவுக்கும் ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கி மாட்டிடுங்கப்பா" என்றார். நான் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றேன். சூசைராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "மாதாவே! முப்பத்தஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் அவ சத்தம் இல்லாம ஒரு தூக்கம் தூங்கினன், அதையும் கெடுத்துட்டியே தாயே!"

பச்சை உடம்பு

அன்றிலிருந்து வார்டில் எனக்கு டாக்டரம்மா என்று பேர். செக்யூரிட்டிகூட, "டாக்டரம்மா, தலைவலி, மாத்திரை எழுதிக் குடுங்க" என்பான். சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். பார்ப்பேன், எண்ணுவேன். நாக்கு மட்டும் எழாது. கலியபெருமாள் போய் ரெண்டு வருஷத்துக்கு மேலே ஆகியிருந்தது.

ஒரு நாள் மதியம் பெண்கள் வார்டுக்குப் போர்வை மாற்றப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் காதைத் துண்டால் கட்டி, கழுத்து வரை கம்பளி போர்த்திய ஒரு பெண். பக்கத்து ஸ்டூலில், மடியில் கைக்குழந்தையோடு தனலட்சுமி. ஒளிய அங்கே முருங்கைக்காய் இல்லை. "ஆயாம்மா! நீங்களா!" என்று முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. "எங்க வூட்டுக்காரரை அப்படிப் பாத்துக்கினீங்களே, உங்களை மறப்பனா? இவ என் பொண்ணு செல்வி. ரெண்டாவது பிரசவம். ஆறு நாளாச்சு. அடிவயிறு வலி, ஜுரம்னு காலையில கொண்டாந்தோம். ஊசி போட்டாங்க, ஜுரம் வுட்டுடுச்சு." அப்புறம் உதட்டில் விரலை வைத்தாள். "மூணு நாளா கண்ணே மூடல. இப்பதான் அசந்து தூங்குறா. எழுப்பாதீங்க."

கையில் இருந்த போர்வையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அதே விரல், அதே வார்த்தை. மெதுவாகக் கம்பளிக்குள் கையை விட்டு செல்வியின் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. "ஃபேன் காத்து ஆயாம்மா. அதான் காதைக் கட்டியிருக்கன்." ஒன்னுக்குப் போனாளா என்றேன். "காலையில இருந்து போவல. பச்ச உடம்புக்காரிக்குத் தண்ணி அதிகம் தரக்கூடாதில்ல? வெத்தலைச் சாறும் ரெண்டு மொடக்கு வெந்நீரும்தான்." மூச்சு இரைக்குதே என்றேன். "வயித்துல காத்து பூந்திருக்கும். பெருங்காயம் பொரிச்சுக் குடுத்தாச் சரியாயிடும்." நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. எல்லாம் நம்ம வீட்டுக் காரணம்தான், நானும் என் மகளுக்குச் சொன்னவள்தான். அன்றைக்குப் பதினோராம் கட்டிலில் எனக்கும் இப்படித்தானே வெயில் காலமும் ஃபேன் காற்றும் கிடைத்தது?

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முப்பத்துநாலு. சூசைராஜை நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினேன். முப்பத்தைந்து. "செல்வி! செல்வி!" என்று தோளை உலுக்கினேன். தனலட்சுமி குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னாம்மா பண்றீங்க? பச்ச உடம்பும்மா! நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "உங்க வூட்டுக்காரரை நான் எழுப்பல தனலட்சுமி. இவளை எழுப்பாம போவமாட்டன்." அவள் பிடி தளர்ந்தது. செல்வி பாதிக் கண்ணைத் திறந்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். ஆறு நாள் குழந்தைக்காரி, குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. மாட்டைக் கேட்டாள்.

ஸ்டெல்லா பிரசவ அறையில் இருந்தாள். தாழ்வாரத்து மேஜையில் அந்த இளவயசு டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பதினைந்தடி தூரம் நடப்பதற்குள் சூசைராஜ், செக்யூரிட்டி, சோற்றுக் கை எல்லாம் என் கூடவே நடந்து வந்தது. "சார், நீங்க சிரிச்சாலும் பரவால்ல," என்றேன். "ஜன்னலோரக் கட்டிலு. பிரசவமாகி ஆறு நாளு. மூச்சு முப்பத்துநாலு, ரெண்டு தரம் எண்ணினன். கை காலு சில்லுனு. காலையில இருந்து ஒன்னுக்குப் போவல. பேரு சொல்லிக் கூப்ட்டா மாட்டைக் கேக்குறா." அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடாமலே எழுந்தார்.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பிபி பாதாளத்தில் கிடந்தது. "மணி பாத்து எழுதுங்க," என்று டாக்டர் குரல் கொடுத்தார். ரெண்டு பாட்டில் ரத்தம். ரெண்டு கையிலும் சலைன். கிருமிக்கு மருந்து. மூக்கில் ஆக்சிஜன். மூத்திரத்துக்குக் குழாய் விட்டால், பைக்கு வந்தது குழந்தைக்குப் பால் புகட்டுகிற ஒரு சங்கு அளவுகூட இல்லை. நான் கம்பளியை உருவிப் போட்டேன், ரத்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடினேன், பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரசவத்தில் நஞ்சுக்கொடி முழுசாக வராமல் ஒரு துணுக்கு உள்ளே தங்கி அழுகியிருக்கிறது, அதை எடுத்தால்தான் ஆகும் என்றார் டாக்டர். மருந்து பாதி இறங்கியிருக்கும்போதே டவுனுக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்தது. தனலட்சுமி குழந்தையோடு ஏறினாள். என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே போனாள். வண்டி கேட்டைத் தாண்டினதும் டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இன்னும் ரெண்டு மணி நேரம் தூங்க விட்டிருந்தா, ஆயாம்மா, நான் அந்த அம்மாகிட்ட வேற மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும்."

ஒரு கேள்வி

செல்வி பிழைத்துக்கொண்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் டவுனில் இருந்துவிட்டு வந்தாள் என்று ஸ்டெல்லா சொன்னாள். அதுக்கப்புறம் ஒரு வாரம் கழித்து, ரத்தம் சோதிக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். செல்வி உள்ளே போயிருந்தாள். தனலட்சுமி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒளியவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப அன்னிக்கு அவரு தூங்கலியா?"

ரெண்டு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. "இல்லம்மா," என்றேன். "அது தூக்கம் இல்ல. எனக்கு அப்பத் தெரியல. ஆனா பை ரொம்பாததைப் பாத்தன். காலு சில்லுனு இருந்ததைத் தொட்டன். யார்கிட்டயும் சொல்லாம, போத்திவுட்டுட்டுப் போயிட்டன். சொல்லியிருந்தாப் பொழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. சொல்லல, அதான் தெரியும்." சாபம் விடுவாள், விடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். "பக்கத்துக் கட்டில்காரன் போன்ல பாட்டு வெச்சான்," என்றாள். "அவரு தூங்குறாருன்னு அவன்கிட்ட சண்டை போட்டு நிறுத்த வெச்சன்." நான் அவளுக்குச் சமாதானம் சொல்லவில்லை. அவளும் எனக்குச் சொல்லவில்லை.

மடியில் குழந்தை நல்லாத் தூங்கிக்கொண்டிருந்தது. தனலட்சுமி அதன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தாழ்வாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்: "நல்லாத்தான் இருக்குது, தெரியுது. ஆனாலும் ஒரே ஒரு தரம் எழுப்பிப் பாத்துடலாமா, ஆயாம்மா?"

நோயாளிகள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று இருபத்தாறு வருஷம் சத்தமில்லாமல் நடக்கப் பழகின நான், உருப்படியாகச் செய்த வேலை என்று பார்த்தால் நாலு பேர் தூக்கத்தைக் கெடுத்ததுதான்.